மிதவையில் மூட்டிய தீ

என் அக்கா தொமெயின் புருஷன் ஜின்பெய் ஏரியில் விலாங்கு பிடிப்பவர். சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் அவருடைய படகையும் சேர்த்து அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். விமானத்திலிருந்து விழும் குண்டு சூட்டை மோப்பம் பிடித்து, தானே திரும்பிப் போய்க் கப்பலை அடிக்க வேண்டுமாம். அதைச் சோதித்துப் பார்க்க ஏரி நடுவில் ஒரு மிதவை. அதில் விறகு அடுக்கித் தீ மூட்டிவிட்டு விலகி வருவது அவர் வேலை. என் கால் வளைந்திருந்ததால் பட்டாளம் என்னை எடுக்கவில்லை. நான் துடுப்புப் போட்டேன்.

ஒரு குண்டுகூடத் தீப்பக்கம் வரவில்லை. எல்லாம் தண்ணீரில்தான் விழுந்தது.

"நானும் எவ்வளவோ தீ மூட்டிப் பாத்துட்டேன். இந்தக் கழுதைக்குக் குளிரே எடுக்காது போல" என்பார் மச்சான்.

அந்தக் கோடையில் அவர்கள் மகன் கிக்கூஜி கடலில் செத்துப்போனான். எலும்பு வரவில்லை; பட்டாளம் அனுப்பிய பெட்டிக்குள் அவன் பேர் எழுதிய காகிதம்தான் இருந்தது. அடுத்து வந்த ஓபோன், செத்தவர்கள் வீடு திரும்பும் பண்டிகை, அவனுக்கு முதல் ஓபோன். வாசலில் சணல் தட்டை கொளுத்தினால்தான் செத்தவர்கள் வெளிச்சம் பார்த்து வீட்டுக்கு வருவார்கள். ஆனால் சூட்டை மோந்து குண்டு கரைக்கு வந்துவிடுமாம்; கரை வீடுகளில் சாயங்காலம் ஒரு கங்குகூட இருக்கக் கூடாதென்று உத்தரவு. அக்கா அதிகாரியிடம் போய்க் கெஞ்சினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புள்ள இருட்டுல தடவிக்கிட்டு நிப்பானே" என்று அக்கா விடாமல் புலம்பினாள்.

மச்சான்தான் வழி சொன்னார். "மிதவைத் தீ அவங்க உத்தரவுத் தீதானே? அதுலயே அவனக் கூப்புடுறேன். அது என்னிக்கு அடிச்சிருக்கு, இன்னிக்கு அடிக்க?"

சணல் தட்டையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு வந்தார். விறகுக்கு மேல் வைத்துக் கொளுத்தினார். கை கூப்பினார். "கிக்கூஜி, இங்க வாடா. அப்பா இங்கதான் இருக்கேன்" என்றார். பிறகு நான் துடுப்பை வலித்தேன். அக்கா கரையில் நின்று அந்தத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானம் வந்தது. குண்டு கொஞ்சம் ஆடியது, வளைந்தது, நேராகத் தீயில் இறங்கியது. உள்ளே வெடிமருந்து இல்லை, வெறும் மண்தான். ஆனாலும் மிதவை பிளந்து, தீ அணைந்து, ஏரி இருண்டுபோனது. கரையில் அதிகாரிகள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். மச்சானுக்கு ஒரு புட்டி சாக்கே, அரிசிச் சாராயம், கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"வந்திருப்பானா?" என்று அக்கா கேட்டாள். "அதுக்கு முன்னாடியே வந்திருப்பானா?"

மச்சான் புட்டியைப் படகிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு வந்த எந்த ஓபோனிலும் அந்த வாசலில் தீ எரிந்ததில்லை. சண்டையும் தோற்றுத்தான் முடிந்தது. அந்தக் குண்டு ஒரு கப்பலையும் பார்க்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பேத்தி பிறந்தாள். மடியில் வைத்தால் என் விரலை விடமாட்டாள், அப்படி ஒரு பிடி. பெருமை தாங்காமல் அக்காவிடம் காட்டத் தூக்கிப் போனேன். அக்கா பிள்ளையை வாங்குவதற்கு முன்னால் கங்கு கனிந்துகொண்டிருந்த கணப்புச் சட்டியை வெளியே எடுத்துப் போய் அதில் தண்ணீர் ஊற்றினாள்.

"அக்கா, பிள்ளைக்குக் குளிரும்" என்றேன்.

"குளிரட்டும்" என்றாள்.