லீவில் வந்த மகன்

அபிதகுசாம்பாளின் மகன் அஜித் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறான் என்றுதான் தெருவே நம்பியது. அப்படிச் சொல்லி வைத்தவர் அவள் கணவர் மாணிக்கவேல். பையன் இளைத்துப் போயிருந்ததற்கு அங்கத்திய சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், வாசலுக்கே வராததற்குக் களைப்பு என்றும் காரணம் சொன்னார்.

அபிதா அதிகம் பேசமாட்டாள். ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாய்ப் பட்டுத்தறியில் உட்கார்ந்தவள். தறிச் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்து அலுத்து, ஒரு கட்டத்தில் பேச்சையே குறைத்துக்கொண்டாள். மகனை டிப்ளமோ வரை படிக்கவைத்தது அவள் பிடிவாதம். படித்தவன் செய்யாறு தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தான். ஒப்பந்தம் முடிந்ததும் இனி வர வேண்டாம் என்றார்கள்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவன்தான் அருணகிரி. கலசப்பாக்கம் பக்கத்து ஆள், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, ஏசி அறை என்றான். மாணிக்கவேல், "பேப்பர் கீப்பர் ஒண்ணும் இல்லியாப்பா?" என்று கேட்டார். அருணகிரி சிரித்தான்.

"இன்னா மாமா நீங்க? முதலாளி உங்க கையில பட்டுப் பாவ குடுக்கறாரே, கையெழுத்து வாங்கிகினா குடுக்கறாரு? மூஞ்சியப் பாத்துத்தானே?"

அது வாஸ்தவம். அந்த ஊர்ப் பட்டு நம்பிக்கையில்தான் கைமாறுகிறது. விலையுயர்ந்த பாவை, தறியில் ஏற்றும் நெடுக்கு நூலை, வாய்வார்த்தையில் வாங்கி வந்து, சேலையாகத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் அவர்கள். எனவே பேப்பர் பேசாதவன் நாணயக்காரன் என்று மாணிக்கவேலுக்குப் பட்டது. ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவனா என்று செல்போனிலேயே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஜோசியரிடம் மட்டும் மறக்காமல் போனார்கள். கடல் கடக்கும் யோகம் இருப்பதாக அவர் சொன்னார்.

அஜித் கடந்தது கடலை மட்டுமல்ல. பாங்காக்கில் இறங்கியவனைக் காரில் ஏற்றி, ஓர் எல்லை ஆற்றைத் தாண்டவைத்து, முள்கம்பி வேலிக்குள் விட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். முகம் தெரியாதவர்களிடம் பெண்போலப் போனில் காதல் பேசிப் பணம் கறப்பதுதான் வேலை. மறுத்த நாளில் அடி, பட்டினி. ராணுவம் உள்ளே புகுந்தபோது பலரோடு அவனும் மீண்டான். இப்போதும் போன் அடித்தால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவான்.

இதைத் தெருவில் சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. போளூரில் அவனுக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். ஏமாந்தவனுக்கு, அதைவிட ஊரை ஏமாற்றும் இடத்தில் இருந்தவனுக்கு, யார் பெண் கொடுப்பார்கள்?

ஒரு மாலை எதிர்வீட்டு ஸ்வர்ணலதா லட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"யக்கா, எம் புள்ள ராஜ்குமாருக்கும் தாய்லாந்துல வேல கெடைச்சிடுச்சு! ஞாயித்துக்கெழம கெளம்பறான். உங்க அஜித்தப் பாத்துத்தான் எனக்குத் தெகிரியமே வந்துச்சு."

அபிதா லட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். ஸ்வர்ணலதா போனதும், அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கணவரிடம் சொன்னாள்.

"அது அவங்க விதி. நீ வாயத் தொறந்து பேஜார் பண்ணாத," என்றார் மாணிக்கவேல்.

"விதி இல்லீங்க. நாம சொன்ன பொய்யி."

மறுநாள் காலை அவர்கள் வீட்டுப் பாவைத் தெருவில் நீட்டினார்கள். ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையைக் கோலில் கோத்து ஆட்கள் இழுத்துப் பிடிக்க, நடுவில் பெண்கள் அறுந்த இழைகளை முடிச்சிடுவார்கள். முடியும்வரை யாரும் கையை எடுக்கக் கூடாது. தொய்ந்தால் பட்டு சிக்கலாகிவிடும்.

ராஜ்குமாரின் பாஸ்போர்ட்டை வாங்கிப்போக அருணகிரி பைக்கில் வந்தான். பாவு நீட்டிய தெருவில் கைகொடுக்காமல் நிற்பது வழக்கமில்லை. "நானும் தறிக்காரப் பையன்தான்," என்று ராஜ்குமாரோடு கோலைப் பிடித்துக்கொண்டான். "இழுடா! இதுக்கே தெம்பு இல்ல, தாய்லாந்துல போயி இன்னா பண்ணுவ?"

எல்லோரும் சிரித்தார்கள். அபிதா தலை நிமிராமல் ஓர் இழையை முடிந்தாள்.

"ஸ்வர்ணா, எம் புள்ள லீவுல வரல."

"அபிதா! வேலயப் பாரு," என்றார் கம்பத்தருகே நின்ற மாணிக்கவேல்.

"பாத்துகினுதான் இருக்கேன்."

அவள் சொல்லத் தொடங்கினாள். கேட்க விருப்பமில்லாதவர்கள்கூட நகர வழியில்லை. எல்லோர் கையும் பாவில் இருந்தது. ஆற்றையும் முள்வேலியையும் அடியையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"யக்கா, உங்க புள்ளைக்கு வேல செய்ய ஒடம்பு வணங்கல. ஓடியாந்துட்டான். அதுக்கு நானா பொறுப்பு?" என்றான் அருணகிரி.

வீட்டுக்குள்ளிருந்து அஜித் வந்தான். சட்டையைக் கழற்றி, முதுகைத் திருப்பித் தழும்புகளைக் காட்டினான்.

"அவ்ளோ நல்ல எடம்னா நீயும் ராஜ்குமாரு கூடப் போயி ஒரு மாசம் இரு," என்றாள் அபிதா. "வந்து சொல்லு, நானே நாலு பேர அனுப்பறேன்."

அருணகிரி கோலை விட்டான்.

பாவு ஒருபக்கம் சரிந்து தெருச் சேற்றில் விழுந்தது. "ஐயோ, பட்டு!" என்று தெருவே கத்தியது. அபிதா சொன்னதைப் பாதி நம்பியும் நம்பாமலும் நின்றவர்களுக்கு, பாவைக் கீழே விட்டவனைப் பற்றி அதன்பின் சந்தேகம் இருக்கவில்லை. அவன் பைக்கை அடையுமுன் மாணிக்கவேல் அதன் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "போலீசு வரட்டும்," என்றார். அவர் குரல் அபிதாவுக்கே புதிதாக இருந்தது.

அன்றே அஜித் புகார் கொடுத்தான். போளூர்க்காரர்கள் பிறகு போனே செய்யவில்லை. திங்கட்கிழமை ராஜ்குமார் முணுமுணுத்துக்கொண்டே செய்யாறு கம்பெனி பஸ் ஏறினான்.

அதெல்லாம் பின்னால். அன்று மதியம்வரை அபிதா சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்வர்ணலதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சேறு படிந்த இழைகளைப் பார்த்தபடி கேட்டாள்.

"லட்டு எடுத்தாந்தன்னிக்கே சொல்லி இருக்கலாம் இல்லக்கா?"

"இருக்கலாம்," என்றாள் அபிதா. "அந்த நுனியப் புடி."