முள் ஏறாதிருக்க வேண்டும்

கருங்கல் ஊரில் உள்ள என் ஒர்க்‌ஷாப்புக்கு அக்காவின் பழைய கார் அன்று முக்கி முனகி வந்து நின்றது. முந்திரிக்கொத்துப் பலகாரம் சுட்டு மண்டைக்காடு வரைக்கும் கடைகளுக்கு அவள் அதில்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். நாற்பது தாண்டி ஓட்டப் படித்ததும் அதில்தான். வேறு வண்டியைத் தொடவே மாட்டாள். அது போனால் தொழிலும் போச்சு.

பிளக்குகளைக் கழற்றி, மூன்று சிலிண்டரிலும் ஒவ்வொன்றாக, அழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தினேன். அக்கா ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். முதல் இரண்டிலும் முள் நூற்றைம்பதை ஒட்டி நின்றது. மூன்றாவதில் தொண்ணூறைத் தாண்டவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும். அதற்குப் பேசாமல் இரும்புக் கடைக்கே தள்ளிவிடலாம். வால்வு மட்டும் என்றால் பிழைத்துக்கொள்ளும்.

எது என்று பார்க்க அந்தச் சிலிண்டருக்குள் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டேன். ரிங் தேய்ந்த இடத்தை ஆயில் அடைத்தால் முள் ஏறும். ஏறாவிட்டால் ரிங் மேல் குற்றமில்லை. இதையெல்லாம் அக்காவிடம் விளக்கவில்லை. சாவியைத் திருப்பு என்றேன், அவ்வளவுதான்.

முள் தொண்ணூறிலேயே கிடந்தது. அப்பாடா என்று சிரித்துவிட்டேன்.

இறங்கி வந்து பார்த்த அக்காவின் முகம் செத்துப்போயிற்று. "கேறல்லியே லே. மத்ததுபோல இதும் கேறணும்னு மண்டைக்காட்டு அம்மைக்கு நேர்ந்துட்டுல்லா திருப்பினேன். நீ என்னத்துக்குச் சிரிக்க?"

ஏறியிருந்தால்தான் உன் வண்டிக்குச் சங்கு என்றேன். ஆறுதலுக்குப் புளுகுகிறேன் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. வளைகுடாவில் இத்தனை வருஷம் எஞ்சினோடு மல்லுக்கட்டியவனுக்கு வீட்டில் இவ்வளவுதான் மதிப்பு.

கோபத்தோடு வால்வு மூடியைத் திறந்தேன். வால்வைத் தள்ளும் டேப்பட் இறுகிப்போய், ஒரு வால்வு முழுதாக மூடாமல் நின்றது. இடைவெளியைச் சரிசெய்து மறுபடி திருப்பச் சொன்னேன். முள் விறுவிறுவென்று மற்ற இரண்டின் பக்கத்தில் போய் நின்றது. கேஜைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

"இப்ப கேறியிருக்கே," என்றாள், பயந்துகொண்டே. "இது நல்லதா, கெட்டதா?"

நல்லதுதான் என்றேன். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து ஒரு பாடு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பிளக்குகளைச் சீக்கிரம் மாட்டச் சொன்னாள்.

"நேர்ந்தது நேர்ந்ததுதான். நீயும் வண்டியில கேறு."

கை கழுவக்கூட விடவில்லை. மண்டைக்காட்டுக் கோயில் வரைக்கும் அவள்தான் ஓட்டினாள்.