வராதவர்களின் காரணம்

எண்பத்தாறாம் ஆண்டு நான் யாழ்ப்பாண நகரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சிறிய நெஞ்சுநோய்க் கிளினிக்கில் தாதியாக இருந்தேன். காசநோய்க்காரர் வந்து மருந்துக் குளிசை வாங்கிப் போகும் இடம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மட்டும் டொக்டர் வருவார். மற்ற நாட்களில் நான்தான் கிளினிக். கதவுத் திறப்பும் மருந்து அலுமாரித் திறப்பும் என் கைப்பையில்தான் கிடக்கும்.

அங்கே சட்டங்கள் இருந்தன. பெரும்பாலானவை நான் போட்டவை. நம்பர் துண்டு காலை ஏழரை மணியோடு முடியும். துண்டு இல்லாவிட்டால் டொக்டரைப் பார்க்க முடியாது, டொக்டரின் கையெழுத்து இல்லாவிட்டால் குளிசை கிடையாது. குளிசையும் அடுத்த கிளினிக் நாள் காலை வரைக்கும் எண்ணித்தான் கொடுப்பேன், ஒன்றுகூட மேலதிகமாகக் கொடுக்கமாட்டேன். கையில் மிச்சம் இருந்தால் ஆட்கள் வரமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

ஒருமுறை வராவிட்டால் தபாலட்டை அனுப்புவேன். இரண்டாம் முறை வராவிட்டால் சிவப்பு மையில் அனுப்புவேன். மூன்றாம் முறைக்கு என்ன மை என்று யோசித்து வைத்திருக்கவில்லை. அட்டையில் நோயின் பெயர் இருக்காது. தபால்காரர் வாசித்தால் அந்த ஒழுங்கையில் உள்ள வீடு முழுவதும் வாசித்த மாதிரி. ஆகவே இவ்வளவுதான் எழுதுவேன்: “குறித்த தினத்தில் தாங்கள் சமுகமளிக்கவில்லை. அடுத்த முதல் வெள்ளி தவறாது வந்து காரணம் கூறவும்.”

வரவுப் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. வராதவர் வந்து காரணம் சொல்லப்போவதில்லை. கட்டத்தை வெறுமையாக விடவும் எனக்கு மனம் வராது. ‘அசட்டை’ என்று எழுதிவிடுவேன். நான் தெல்லிப்பழையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மணி அடித்து முடியுமுன் வரிசையில் நிற்காதவரைப் பற்றி எங்களுக்கு ஒரேயொரு அபிப்பிராயம்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

கொழும்புத்துறையிலிருந்து ஒரு பெண் வர வேண்டியிருந்தது. முப்பது வயதிருக்கும். புருஷன் கடலுக்குப் போகிறவர், இரண்டு பிள்ளைகள். இரத்தமாக இருமி ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு மாதக் குளிசையோடு எங்களிடம் அனுப்பப்பட்டவள். முதல் தவணைக்கு வரவில்லை. அட்டை அனுப்பினேன். இரண்டாம் தவணைக்கும் வரவில்லை. சிவப்பு மை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. குளிசை இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் போனால் அந்த நெஞ்சுக்குள் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை சைக்கிளில் போனேன். சீருடையோடு போனால் அயலுக்கு விளங்கிவிடும் என்று சேலை உடுத்துக்கொண்டு போனேன். முற்றத்தில் வலை காய்ந்தது. அவள் மெலிந்து போயிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருமினாள்.

“ஏன் நீர் வரேல்லை?” என்று கேட்டேன். சுகம் விசாரிக்கவில்லை.

“முதல் வெள்ளியிலை எப்பிடி மிஸி வாறது? கோயில்லை பூசை ஆறரைக்கு. சுவாமி கையாலை நன்மை எடுத்துப்போட்டு நடந்து வர எட்டு மணியாகும். உங்கடை துண்டு ஏழரையோடை முடியுதே.”

“பூசைக்கு வேறை நாள் போகக்கூடாதோ?”

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “ஒன்பது முதல் வெள்ளி விடாமல் நன்மை எடுக்கிறனெண்டு திரு இருதய ஆண்டவருக்கு நேர்ந்தனான். ரெண்டு முடிஞ்சுது. நடுவிலை ஒண்டு விட்டால் திரும்ப முதலிலையிருந்து துவங்க வேணும்.”

“என்னத்துக்கு நேர்ந்தனீர்?”

“உந்த இருமல் மாறத்தான்.”

நானும் கிறிஸ்தவள்தான், ஆனால் கத்தோலிக்கம் அல்ல. எங்கள் வீட்டில் வேதவாசிப்பு உண்டு, முதல் வெள்ளிப் பூசையும் நற்கருணையும் கிடையாது. கடற்கரை ஊர்ச் சனங்கள் அரைவாசிப்பேர் பூசையில் நிற்கும் ஒரே ஒரு காலை வேளையைத்தான் நாங்கள் தேடிப்பிடித்து கிளினிக்குக்கு வைத்திருக்கிறோம் என்று எனக்கு அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. நானும் ஒருவரையும் கேட்கவில்லை.

“குளிசையும் அப்பிடித்தான். நடுவிலை விட்டால் திரும்ப முதலிலையிருந்து,” என்றேன்.

அவள் திடுக்கிட்டாள். “அப்பிடியெண்டால் அதை அட்டையிலை எழுதியிருக்கலாமே, மிஸி?”

சுவரில் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் என் இரண்டு அட்டைகளும் செருகியிருந்தன. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

அடுத்த மாதம் துண்டு கொடுக்கும் நேரத்தை எட்டரை மணியாக்கினேன். டொக்டர், “அப்ப நான் எத்தினை மணிக்குச் சாப்பிடுறது?” என்று கேட்டார். பிந்தித்தான் என்றேன். எட்டேகாலுக்கு அவள் வந்தாள். அவளோடு, நான் பல மாதங்களாக அசட்டை என்று எழுதி வைத்திருந்த ஆட்களும் தலையில் முக்காடும் கையில் செபமாலையுமாக வந்து ஒரு நீள வாங்கு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. துண்டு கொடுத்தேன்.

அவளுக்கு மருந்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். மாதம் தவறாமல் வந்தாள். கன்னத்தில் சதை வைத்தது. ஒவ்வொரு முறையும், “நாலு முடிஞ்சுது மிஸி”, “அஞ்சு முடிஞ்சுது மிஸி” என்பாள். நான் குளிசையைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன்.

அவளுடைய ஒன்பதாவது வெள்ளிக்கு முதல் நாள் இராணுவம் ஷெல் அடித்தது. வெள்ளி காலையில் என் வீடு இருந்த தெல்லிப்பழையிலிருந்து பஸ் இல்லை. வானத்தில் ஹெலி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. என்னிடம் சைக்கிள் இருந்தது. வேறு சிலர் சைக்கிளில் போனதையும் வாசல் படலையில் நின்று பார்த்தேன். இந்த நாளில் டொக்டரே வரமாட்டார், வேறு யார் கிளினிக்குக்கு வரப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டேன். திறப்புகள் கைப்பையில் இருந்தன. சனியும் ஞாயிறும் கிளினிக் பூட்டு.

திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது நிலத்தில் ஒரு தபாலட்டை கிடந்தது. கதவுக்குக் கீழால் தள்ளியிருந்தார்கள். என் கையெழுத்து, சிவப்பு மை. “குறித்த தினத்தில் தாங்கள் சமுகமளிக்கவில்லை.” மற்றப் பக்கத்தில் அவளுடைய பெயரைப் பென்சிலால் கோடிட்டு அடித்து, மேலே ‘மிஸி’ என்று எழுதியிருந்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பயமாக இருந்தது. நான் எண்ணிக் கொடுத்த கடைசிக் குளிசையை அவள் வெள்ளி காலையில் விழுங்கியிருப்பாள். அலுமாரியைத் திறந்து ஒரு மாதக் குளிசையை எடுத்தேன். டொக்டரின் கையெழுத்து இல்லை. பத்து நாள் குளிசை மேலதிகமாகவும் எடுத்தேன். சீருடையோடேயே சைக்கிளை மிதித்தேன்.

அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து பொதியை வாங்கினாள்.

“மூண்டு நாள் விட்டுப்போச்சு, மிஸி. திரும்ப முதலிலையிருந்தோ?”

அதற்குத்தான் அவள் மூன்று நாளாக அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது.

“இல்லை. மூண்டு நாளுக்கு அப்பிடியில்லை. இண்டைக்கே போடும்.”

என் முன்னாலேயே செம்பில் தண்ணீர் எடுத்து விழுங்கினாள்.

“நீர் அண்டைக்கு எப்பிடி வந்தனீர்?” என்று கேட்டேன்.

“பூசைக்குப் போட்டு அப்பிடியே நடந்து வந்தனான். ஒன்பதும் முடிஞ்சுது.”

“அந்த ஷெல்லுக்கையும் பூசை நடந்ததோ?”

“ஓம் மிஸி. சுவாமி வந்தவர்.”

குத்திச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

பின்னேரம் கிளினிக்கில் வரவுப் புத்தகத்தை எடுத்தேன். அந்த வெள்ளிக்கு அவளுடைய பெயருக்கு நேரே ‘வந்தார்’ என்று எழுதினேன். அதன் கீழே ஒரு புதுக் கோடு போட்டு என் பெயரை எழுதி, ‘வரவில்லை’ என்று குறித்தேன். காரணம் என்ற கட்டத்தில் ‘பயம்’ என்று எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். அந்தப் புத்தகத்தில் நான் வேறு ஒருவருக்கும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. ‘அசட்டை’ என்று எழுதினேன்.