மரியநாயகம் அண்ணை கேட்ட உதவி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மானிப்பாயில் என் வீட்டு முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். குருநகரிலிருந்து மரியநாயகம் அண்ணையின் மனைவி றோசலின் அக்கா தொலைபேசியில் அழைத்தார். “மாஸ்டர், உங்கடை அண்ணை எங்களை விட்டுப் போயிட்டார். நித்திரையிலைதான். கஷ்டப்படேல்லை,” என்றார்.

மரியநாயகம் அண்ணையின் கோல்களைப் பார்த்த ஊரவர்களான உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. அவர் முன்னால் ஆடிய உதைபந்தாட்ட அணியில் பின்காவலில் நின்ற பள்ளிக்கூட மாஸ்டர் என்பதே என் தகுதி. நடுக்கோட்டைத் தாண்டியதாக எனக்கு ஞாபகமில்லை.

அவருக்குக் கடல்தான் தொழில்; காற்றின் போக்கு அத்துப்படி. நாணயச் சுழற்சியில் வென்றால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக்கு எதிராக ஆடும் பக்கத்தையே கேட்பார். எதிர்க்காற்றில் உயரும் பந்து தயங்கிக் குறுகி விழும். எதிரணிக் காவலர்கள் தங்கள் கோலை நோக்கி ஓட, அவர் மட்டும் அது விழும் இடத்தில் நிற்பார். “மாஸ்டர், பயப்பிடாமல் மேலை அடியும். மிச்சத்தைக் காத்துப் பாக்கும்,” என்று கத்துவார். நான் பதற்றத்தில் அடித்த சில பந்துகள் அவர் தலையில் பட்டுக் கோலாயின. அவற்றை என் திறமையென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கொழும்புக் கழகமொன்று அவரை அழைத்தது. ஒரு பருவம் ஆடிவிட்டுத் திரும்பிவிட்டார். “அங்கை காத்தே இல்லை. பந்து அடிச்ச இடத்திலை விழுது. அது என்ன விளையாட்டு?” என்றார்.

தலை நரைக்கத் தொடங்கியபோது, ஒருநாள் பூட்ஸைக் கழற்றியபடி சொன்னார்: “என்ரை கால் பிந்தினால் நீர்தான் சொல்லவேணும். மற்ற ஆக்கள் என்னைச் சந்தோஷப்படுத்தப் பாப்பினம். உமக்குப் பொய் சொல்ல வராது.”

பிறகு ஓர் ஆட்டத்தில் அதைக் கண்டேன். சரியான இடத்துக்குத்தான் வந்தார். பந்து முன்னரே விழுந்திருந்தது. பார்த்தவர்கள் பந்து கொடுத்தவனைத் திட்டினார்கள். என் கண்ணில் எனக்கு நம்பிக்கை இல்லாததால், இன்னொரு ஆட்டம் பார்க்கலாம், இன்னொன்று பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு மாலை அவர் வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். கூழ் தந்தார்கள். மழை, மீன்விலை, பள்ளிக்கூடம் எல்லாம் கதைத்துவிட்டு எழுந்து சைக்கிளைப் பிடித்தேன்.

“என்ன மாஸ்டர், சொல்ல வந்ததைச் சொல்லாமல் போறீர்? கால் பிந்துதோ?”

“ஓம் அண்ணை,” என்றேன்.

றோசலின் அக்கா உள்ளேயிருந்து, “நான் இவ்வளவு நாளும் கத்தினது கேக்கேல்லை. மாஸ்டரின்ரை ஒரு ஓம் கேட்டிட்டுது,” என்றார். அண்ணை சிரித்துச் சிரித்து இருமினார். அடுத்த ஆட்டத்துக்கு விளையாட்டு உடுப்பில்லாமல் சாரத்தோடு வந்து கோட்டோரம் இருந்து எங்கள் எல்லோரையும் திட்டினார். மிகவும் சந்தோஷமாகவே திட்டினார்.

ஆனாலும் அவரிடமிருந்து சில ஆட்டங்களைப் பறித்துவிட்டேனோ என்ற சந்தேகம் என்னை விடவில்லை. போன மாதம் அவர் கட்டிலருகே இருந்தபோதுதான் கேட்கத் துணிந்தேன். “அண்ணை, அண்டைக்கு நான் அவசரப்பட்டிட்டனோ?”

“அவசரமோ? நீர் ஒரு வருசம் பிந்தீட்டீர். நீர் வருவீர் வருவீர் எண்டு பாத்து, அந்த வருசம் முழுக்க நான் நொண்டி நொண்டி விளையாடினன்.”

அன்று வீடு திரும்பும்போது எனக்குப் பாரமே இல்லை. இன்றும் ஒருவரிடம் உண்மையைச் சொல்லவேண்டி வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்த உண்மைக்காகக் காத்திருக்கும் மனிதரை நினைத்துச் சைக்கிளை எடுத்துவிடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.