கம்பளிச் சொக்காயும் கற்பூரவல்லியும்

என் வீட்டுக்காரரை எல்லாரும் நல்ல மனுஷர் என்பார்கள். பல விஷயங்களில் நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் வங்காளத்தை இரண்டாக வெட்டிய அந்த வருஷம், மழைக்காலம் முடிந்து பனி இறங்கத் தொடங்கிய சமயத்தில் அவர் செய்த காரியத்தை மட்டும் நான் மன்னிக்கவில்லை. எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது.

அப்போது கல்கத்தாவின் பாலிகஞ்சில், ரயில் ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில், ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அவருக்கு வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. கீழே வீட்டுச் சொந்தக்காரர்கள், வங்காளிகள். அந்த வீட்டு அம்மாளை நான் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். எங்களுக்கு ஒரே பெண் குழந்தை, ஒன்றரை வயது. அதற்கு நெஞ்சு சரியில்லை. முந்தின குளிர்காலத்தில் மூச்சு இழுத்து இழுத்து, இரண்டு தடவை போயே போய்விட்டது என்று நினைத்தோம். இன்னொரு குளிர் வருவதற்குள் நெஞ்சை மூடி வைக்க வழி பாருங்கள், இல்லாவிட்டால் என்னைக் குறை சொல்லாதீர்கள் என்று டாக்டர் பாபு சொல்லிவிட்டுப் போனார்.

கற்பூரவல்லி கும்பகோணத்திலிருந்து வந்தது. ஈரத்துணியில் சுற்றி, ரயில் பயணம் முழுக்க மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். இரண்டு கிளைகள். வராந்தாவில் வைத்தது கல்கத்தா மழையில் தண்டோடு அழுகிப்போயிற்று. மற்றதை உள்ளே, தெற்கு ஜன்னலுக்கு அருகில், ஒரு பிஸ்கட் தகரத்தில் நட்டேன். ஆபீஸ் துரை கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த தகரம் அது. பிஸ்கட்டை இவர் வழியிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டார். அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டேன். மேகத்துக்கு நடுவே வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அது விழும் இடத்துக்குத் தகரத்தை நகர்த்துவேன். பக்கத்தில் ஒரு சட்டியில் துளசி. குழந்தைக்கு இருமல் கேட்டால் நாலு இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்து, தேன் கலந்து நாக்கில் தடவ வேண்டும். அது துப்பும். மறுபடி தடவ வேண்டும்.

கம்பளி பின்னத் தீதிதான் சொல்லிக்கொடுத்தாள். முதல் வருஷம் இவருக்குச் சீமை நூலில் ஒரு பச்சை மப்ளர் பின்னினேன். ஒரு முனை அகலம், மறு முனை குறுகல். ஆனாலும் இவர் குளிர் முழுக்க அதைக் கழுத்தைவிட்டு இறக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் குழந்தைக்குச் சொக்காய் ஆரம்பித்தேன். சிவப்பு நூல், இதுவும் சீமை நூல். நாட்டுக் கம்பளி குழந்தையின் தோலைச் சிராய்த்துவிடும். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் உள்ளங்கை வியர்த்து நூல் ஊசியில் ஓடாது. கொஞ்சம் விபூதியைக் கையில் தேய்த்துக்கொண்டு பின்னுவேன். அக்குளுக்குக் கண்ணி குறைக்கும் இடத்தில் மூன்று தடவை தப்பு வந்து, மூன்று தடவையும் அவிழ்த்தேன். புரட்டாசியில் வானம் வெளுத்து, எங்கோ துர்கா பூஜைக்கு மேளம் பழகும் சத்தம் கேட்கத் தொடங்கியபோது கழுத்துப்பட்டியை முடித்து நூலை அறுத்தேன். போட்டுப் பார்த்தேன். குழந்தை தன் வயிற்றைத் தானே தடவிக்கொண்டு சிரித்தது.

சாயங்காலம் ஆனால் தீதி கீழேயிருந்து குரல் கொடுப்பாள். "ஹிம் லாக்பே!" பனி பிடித்துவிடும், குழந்தையை உள்ளே கொண்டுபோ என்று அர்த்தம். அந்த ஊரில் ஐப்பசிப் பனிக்குப் பயப்படாத தாய் கிடையாது.

அந்த நாட்களில் தெருவெல்லாம் சுதேசிப் பேச்சு. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு கூட்டம் எங்கள் தெருவில் வந்தது. வீடு வீடாகச் சீமைத் துணி வாங்கி, ஸ்டேஷன் பக்கத்து மைதானத்தில் கொளுத்தப்போகிறார்கள் என்றார்கள். தீதி தன் பெட்டியிலிருந்து மான்செஸ்டர் புடவை ஒன்றை எடுத்து, தானே வாசலுக்குப் போய்க் கொடுத்தாள். பூஜைக்கென்று வைத்திருந்த புதுப் புடவை. அவளைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. கொளுத்தினவர்கள் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சொக்காய் வைத்திருந்த பிரம்புக் கூடை திறந்து கிடக்கிறது, சொக்காயைக் காணோம். இவர் நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"சொக்கா எங்கேண்ணா?"

"கொடுத்துட்டேன். கீழே அத்தனை பேரும் நின்னு பாத்துண்டிருந்தா. வெறுங்கையோட எப்படி நிக்கறது? இருக்கறதுக்குள்ளே சின்னது அதுதானேடி."

சின்னதாம். அவர் தலைக்கு நேர் மேலே ஆணியில் அவருடைய சீமைக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மூலையில் சீமைக் குடை. அதையெல்லாம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு, கோட்டு இல்லாமல் ஆபீஸில் உள்ளே விடமாட்டான் என்றார். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஜன்னலுக்குப் போய் நின்றேன். ஸ்டேஷன் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கீழே யாரோ இவர் பேரைச் சொல்லி, மதராஸி பாபு குழந்தையின் துணியையே கொடுத்துவிட்டார், என்ன மனசு பாருங்கள் என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். இவர் விசிறியை வைத்துவிட்டு அதைக் காது கொடுத்துக் கேட்டார்.

எட்டு நாளில் குழந்தைக்கு இழுப்பு வந்தது. தினம் நாலு இலை, பிறகு ஆறு இலை. தகரத்தில் கடைசியில் மொட்டைத் தண்டும் நுனியில் கட்டைவிரல் நகம் அளவு இரண்டு துளிரும்தான் மிச்சம். நூல் வாங்கலாம் என்றால் சீமை நூல் விற்கும் கடை வாசலில் பிள்ளைகள் மறியல் செய்கிறார்கள். இவர் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். அந்த வெறுங்கை மட்டும் அவருக்குக் கூச்சமாக இல்லை.

சனிக்கிழமை இவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனார். குழந்தையின் நெஞ்சில் சுற்றப் பழைய வேஷ்டி ஒன்று வேண்டும் என்று கேட்டேன். பெட்டியில் இருக்கிறது, சாவி மாடத்தில் என்று குளிக்கும் இடத்திலிருந்தே சொன்னார். அந்தச் சாவி எப்போதும் அவர் பூணூலில்தான் தொங்கும். எண்ணெய் ஸ்நானத்துக்குக் கழற்றி வைத்திருந்தார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அந்த நிமிஷம் மறந்துவிட்டார் போலும்.

வேஷ்டிக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலம். பூச்சி அரிக்காமல் உள்ளே கற்பூரம் வேறு. பிரித்தேன். என் பச்சை மப்ளர். சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் யாரோ ஒரு பெரிய மனிதரின் சுதேசிப் பிரசங்கம் அச்சாகியிருந்தது.

குழந்தையின் சொக்காய் தீயில். இவர் கழுத்துச் சமாசாரம் பெட்டியில், கற்பூரத்தோடு.

குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான் பின்னியது, முடிச்சு எங்கே என்று எனக்குத் தெரியும். குறுகலான முனையில் அதை அவிழ்த்து நூலை இழுத்தேன். வரிசை வரிசையாகப் பிரிந்து மடியில் விழுந்தது. இவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார்.

"அது என் மப்ளர்டி."

"ஆமாம். பெரிசுதானே," என்றேன். "ரெண்டு சொக்கா வரும்."

நூலை நாற்காலி முதுகில் சுற்றிக் கழியாகக் கட்டி, வெந்நீரில் நனைத்து, சுருட்டை போக அடியில் அம்மிக்குழவியைக் கட்டித் தொங்கவிட்டேன். காய்ந்ததும் ஆரம்பித்து ஆறே நாளில் முடித்தேன். இந்தத் தடவை ஒரு கண்ணிகூடத் தப்பவில்லை. கோபத்தில் கை அவ்வளவு சுத்தமாக ஓடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்தக் குளிர் முழுக்கக் குழந்தை பச்சைச் சொக்காயைக் கழற்றவில்லை. கார்த்திகையில் தகரத்தில் மறுபடி இலை கண்டது. குழந்தை பிழைத்தது.

மார்கழியில் ஒரு நாள் காலை, இவர் கழுத்தில் வெறும் அங்கவஸ்திரத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். வாசலில் தீதியின் புருஷர் நிறுத்தி, உங்களைப் போல வருமா, மப்ளரைக்கூட விட்டுவிட்டீர்களே என்று நாலு பேர் கேட்கப் பாராட்டினார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றிருந்தேன். இவர் என்னைப் பார்த்தார், குழந்தையின் பச்சைச் சொக்காயைப் பார்த்தார். பிறகு பாராட்டினவரைப் பார்த்துக் கைகூப்பினார்.