கலையாத சீட்டு

சீட்டுக்கட்டைக் கலைப்பது போலக் காட்டிவிட்டு, வேண்டிய சீட்டை மட்டும் வைத்த இடத்திலேயே வைத்திருக்கப் பல வழிகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு படித்த வருடம் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதில் பாதியைக் கணக்குப் பாடத்துக்குச் செலவழித்திருக்கலாமே என்று வாத்தியார் வருத்தப்பட்டிருப்பார். நல்லவேளை, அவருக்குத் தெரியாது.

எங்கள் ஊர் நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரிக்கரைப் புளியமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் போலீஸ் ஜீப்பைப் பார்த்து ஓடிய ஒரு மத்தியானம், நானும் அக்காவும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தோம். அவர்கள் விட்டுப் போன சீட்டுகளைப் பொறுக்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தேழு இருந்தன. வீட்டில் சீட்டுக்கட்டு இருப்பது தெரிந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். ஆட்டுப்பட்டியின் கூரைக் கீற்றுக்குள் செருகி வைத்தேன்.

பள்ளி ஆண்டு விழாவில் மேஜிக் செய்வதாகப் பெயர் கொடுத்திருந்தேன். சித்தப்பாவின் பழைய செல்போனில் ஒருவர் சொல்லித் தரும் வீடியோக்கள் இருந்தன. கட்டை இரண்டாகப் பிரித்து விரலால் சரசரவென்று விடுகிற முறைதான் எனக்குப் பிடித்தது. ஆனால் என் கை சிறியது. வியர்வையில் ஊறிய அந்தச் சீட்டுகளோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். கடைசியில் பெரியவர்கள் சாதாரணமாகக் கலைப்பது போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மேலே இருக்கும் சில சீட்டுகளை முதலில் மொத்தமாக இடது கைக்கு இறக்க வேண்டும். அவற்றின் மேல் ஒரே ஒரு சீட்டை நகக்கண் அளவுக்கு என் பக்கம் நீட்டி வைக்க வேண்டும். மிச்சத்தை இஷ்டம்போல உதிர்த்துக் கலைக்கலாம். முடிவில் நீட்டிக்கொண்டிருக்கும் சீட்டுக்கு அடியில் இருப்பவற்றை மொத்தமாக உருவி மேலே வைத்தால், முதலில் மேலே இருந்த சீட்டு மறுபடியும் மேலே வந்துவிடும்.

பார்த்துக் குறை சொல்ல ஆள் வேண்டுமே. அக்கா என்னைவிட ஒரு வகுப்பு மேலே. ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

"எலி பொந்துல இருந்து எட்டிப் பாக்குது" என்பாள், நீட்டிய சீட்டைப் பார்த்து.

மறுநாள் அதைச் சரிசெய்துகொண்டு போனால், "இப்ப எலி தெரியல. ஆனா நீ திருடன் மாதிரி முழிக்கற. கையப் பாக்காதடா. நீ கையப் பாத்தா எதிர்ல இருக்கறவனும் கையத்தான் பாப்பான். மூஞ்சியப் பாத்து ஏதாச்சும் பேசு" என்பாள்.

ஒரு சாயங்காலம் அவள் மூன்று முறை செய்யச் சொன்னாள். மூன்று முறையும் இஸ்பேட்டு ஆசு மேலே வந்தது. "போடா, எனக்கே தெரியல" என்றாள். அன்றைக்கு எனக்கிருந்த பெருமை கொஞ்சமல்ல.

ஆண்டு விழாவுக்கு முன்பே வேறொன்று வந்தது. அந்த வருடம் போர்க்கிணறு வற்றிவிட்டது. அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போவதென்று முடிவாயிற்று. தங்கைக்கு அப்போது ஒரு வயது. அம்மா சாந்து சுமக்கும்போது அவளைப் பார்த்துக்கொள்ளவும், சோறு ஆக்கவும் எங்கள் இருவரில் ஒருவர் கூடப் போக வேண்டும். மற்றவர் தருமபுரியில் இலவச விடுதியில் தங்கிப் படிக்கலாம்.

"பொட்டப் புள்ள கூட இருந்தா ஒத்தாசை. அவன் என்னாத்த ஆக்கிப் போடப் போறான்?" என்றாள் அம்மா.

"அவதான நல்லா படிக்கறா" என்றார் அப்பா. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் யார் எத்தனை மார்க் என்பது தெரியும். பிறகு, "நான் ஒண்ணச் சொன்னா இன்னொண்ணு காலத்துக்கும் என்னக் கேக்கும். கோயில்லயே கேட்டுரலாம்" என்றார்.

போன கோடை விடுமுறையில் சித்தப்பாவோடு பெங்களூரில் அப்படியொரு வேலையிடத்தில் பத்து நாள் இருந்திருக்கிறேன். தகரக் கொட்டகை. கைப்பிடிச் சுவர் இல்லாத ஆறாவது மாடி. லிஃப்டுக்கு விட்டிருந்த குழியை ஒரு பிளைவுட் பலகையால் மூடியிருப்பார்கள். அதன் மேல் நடந்தபோது அது அமுங்கியது. கனவில் அந்தப் பலகை அடிக்கடி வரும்.

எங்கள் குலதெய்வக் கோயிலில் எதுவானாலும் சீட்டுப் போட்டுத்தான் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய இருபது துண்டுகள். பத்தில் குங்குமம், பத்தில் மஞ்சள். குங்குமம் வந்தால் அக்கா விடுதிக்கு. மஞ்சள் வந்தால் நான். எனக்குப் பெரியப்பா முறையான பூசாரி ஒவ்வொன்றையும் எல்லோருக்கும் காட்டி, கவிழ்த்து அடுக்குவார். மீசை முளைக்காத பையன் இருந்தால் அவன்தான் கலைக்க வேண்டும் என்பது கோயில் கட்டுப்பாடு. அந்தக் கை சுத்தமானதாம்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மீசை முளைக்காதவன் நான் ஒருவன்தான்.

குங்குமம், மஞ்சள், குங்குமம், மஞ்சள் என்று பெரியப்பா அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாகக் காட்டியது மஞ்சள். அதை அடுக்கின் மேல் கவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

"நல்லா கலைடா சாமி. பொய்க்கை பட்டா அம்மன் கண்ணப் புடுங்கிருவா" என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான்.

அட்டைகள் புதிதாக இருந்தன. வழுக்கிக்கொண்டு வந்தன. என் சீட்டுகளை விட இவை எவ்வளவோ சுலபம் என்று விரல்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. கை தானாகச் செய்தது என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. முதல் சில அட்டைகளை இறக்கி, அடுத்ததை நகக்கண் அளவு நீட்டியபோது, என்ன செய்கிறேன் என்று தெரிந்தே செய்தேன். கற்பூரப் புகையில் அம்மனின் வெள்ளிக் கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றைப் பார்க்க முடியாமல் திரும்பினேன். அக்காவின் முகம் எதிரே இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடியில் இருந்தவற்றை மொத்தமாக உருவி மேலே வைத்தேன்.

பெரியப்பா முதல் அட்டையைத் திருப்பினார். மஞ்சள்.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அப்பா தரையில் விழுந்து கும்பிட்டார். அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. அக்கா தங்கையை அம்மாவிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "புள்ளைக்குப் பால் வேணும், போலாமுங்களா" என்று அப்பாவிடம் கேட்டாள். எனக்கோ ஒரே எண்ணம்தான்: என் கலைப்பு அவ்வளவு சுத்தம். அக்காவுக்கே தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர்கள் பெங்களூர் பஸ் ஏறினார்கள். சீட்டுக்கட்டைப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் முடியும்வரை பெரியப்பா வீட்டில் இருந்தேன். ஆண்டு விழாவில் பெயர் கூப்பிட்டபோது வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். விடுதிக்குப் போன பிறகும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இடது கண்ணை மூடி வலது கண்ணால் சுவர்க் காலண்டரைப் படிப்பேன். பிறகு வலதை மூடி இடதால் படிப்பேன். இரண்டிலும் தேதி தெரிந்தால்தான் பல் விளக்கப் போவேன். ஆடி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து கண் இரண்டும் சிவந்து பீளை கட்டிக்கொண்டது. மருத்துவமனையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். எனக்கு அது மெட்ராஸ் ஐ என்று தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டனின் போனில் ஐந்து நிமிடம் பேசலாம். அந்த வார ஞாயிறு அக்காதான் எடுத்தாள். பின்னால் ஜல்லிக் கலவை மெஷின் ஓடும் சத்தம். தங்கை அழுதுகொண்டிருந்தாள். "கண்ணு தெரியாமப் போயிருமாக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறெதுவும் நான் சொல்லவில்லை.

அவள் மெஷினை விட்டுத் தள்ளிப் போனாள் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

"ஒண்ணும் ஆவாதுடா" என்றாள். "நான் அன்னிக்கே கோயில்ல வேண்டிக்கிட்டன், இவன ஒண்ணும் பண்ணிராத தாயின்னு. மருந்த மறக்காம ஊத்திக்க. பரீட்சை எப்ப?"

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பரீட்சை தேதியைச் சொன்னேன். விடுதியில் ஞாயிறுதோறும் முட்டை போடுவதைச் சொன்னேன். போனை வார்டனிடம் கொடுத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்கு ஓடினேன். மூன்று நாளில் கண் சரியாகிவிட்டது. அதன் பிறகு காலையில் காலண்டரைச் சோதித்துப் பார்க்கும் வழக்கமும் நின்றது. அவள் எதற்காக அன்றைக்கே அப்படி வேண்டிக்கொள்ள வேண்டும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.