முன் வாங்கடியில் நின்று எடுத்த தாலிப் படம்

அக்காவின் கலியாணத்துக்குப் படமெடுக்க ஆள் பிடிக்க வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. என்னிடம் இருந்தது ஒரு சின்ன மிரர்லெஸ் கமெராவும், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரேயொரு சூம் லென்ஸும்தான்.

குருநகர்க் கத்தோலிக்கக் கோயிலில் கலியாணப் பூசை தொடங்குமுன் பாதர் கூப்பிட்டார். “பிள்ளை, பீடத்துக்குக் கிட்ட வரக்கூடாது. முன் வாங்கடியிலை நில்லுங்கோ.”

“ஓம் பாதர்,” என்று முன்வரிசை இருக்கையடியில் போய் நின்றேன். தூரத்துக்குத்தானே இந்த லென்ஸ் என்று நினைத்தேன். முழுவதும் நீட்டினால் அது வெளிச்சத்தைக் குறைவாகத்தான் உள்ளே விடும் என்பதை மறந்துபோனேன். மோதிரம் மாற்றிய படத்தில் வெளிச்சம் போதாமல் ஷட்டர் மெதுவாகி, இருவரின் விரல்களும் கலங்கிக் கிடந்தன.

அடுத்தது தாலி. அதை இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியாது. கமெராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, கூட்டினேன். படம் புள்ளி புள்ளியாக வரும், ஆனால் கலங்காது. வாங்கின் முதுகில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

வீட்டில் எல்லோரும் கமெராவைச் சுற்றி நின்றார்கள்.

“என்னடி, மண் தூவின மாதிரிக் கிடக்கு. உதுக்கே கம்பசுக்குப் படிக்கப் போனனீ?” என்றார் மாமி.

“தாலி முடிச்சு வடிவாத் தெரியுதுதானே, மாமி.”

அக்கா அந்தப் படத்தையே பெரிதாகப் பிரிண்ட் அடித்து விறாந்தையில் மாட்ட வேண்டும் என்றாள். சின்னதாக அடிப்போம் என்றேன். பெரிதாக்கினால் புள்ளிகளும் பெரிதாகி, மாமி சொன்னது சரியாகிவிடும்.